கைரியா மிஸ்ஸின் ஏழாம் பகுதி

"இல்லை" என்ற ஒரு சொல்லை எழுத ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கண்டிக்குப் பக்கத்து ஊரான அக்குறணையின் கைரியா மிஸ்ஸுக்கு அன்று விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததிலிருந்து காலைத் தேநீர் ஆறி, மேலே ஆடை படியும் வரை யோசித்தும் எழுத முடியவில்லை.

விண்ணப்பத்தின் முதல் ஆறு பகுதிகளும் மடமடவென்று முடிந்துவிட்டன. சங்கத்தின் பெயர், கைப்பிடி. பயன்பெறுவோர், நடக்க முடியாத பத்தொன்பது பிள்ளைகள். கேட்பது, பிள்ளைகளைத் தூக்காமல் சக்கரக் கதிரையோடு ஏற்றி இறக்கக்கூடிய சரிவுப் பலகை வைத்த ஒரு வேன். எல்லாம் சரி. ஏழாவது பகுதியில்தான் வழக்கம்போல வண்டி நின்றது. 'இப்பணிக்கு உள்ளூர் மக்களின் பங்களிப்பு என்ன?'

கம்ப்யூட்டர் முன்னால் அவளுடைய மகள் ரிஸ்னா உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. பக்கத்தில் அவள் ஊன்றி நடக்கும் நாலுகால் சட்டகம் சுவரில் சாய்ந்திருந்தது.

"செல்லுங்க உம்மா, என்ன அடிக்க? மத்த மூணு தரமும் அடிச்ச மாதிரி 'இல்லை'ன்டே அடிக்கவா? இந்தக் கம்ப்யூட்டருக்கு அது பாடமாகிட்டு. நான் கையெடுத்தாலும் தானா அடிச்சிரும்."

"வாய மூடு ரிஸ்னா. யோசிக்க விடு."

யோசித்து என்ன பயன்? கொழும்பில் அலுவலகம் வைத்திருக்கும் நிழல்மரம் அறக்கட்டளை மூன்று வருடமாக ஒரே பதிலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. ஊர் மக்கள் தோள் கொடுக்காத பணி நிலைக்காது, ஆகவே வருந்துகிறோம். அந்த மூன்று கடிதங்களையும் கைரியா அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருந்தாள். சாரி எடுக்கும்போதெல்லாம் அவை கையில் தட்டுப்பட்டன. தட்டுப்படும்போதெல்லாம் அவள் அவற்றை இன்னும் அடியில் தள்ளினாள்.

ஊர் தோள் கொடுக்கவில்லையா? அல்லாஹ்வே!

கைப்பிடி பிறந்த கதையே ஊரின் கதைதான். ரிஸ்னாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, அவள் நடக்கவே மாட்டாள் என்று இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். மூன்றாவதாக, கண்டி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் மட்டும், "வீட்டில தினமும் செய்ங்க, பார்ப்போம்" என்று கால்களை மடக்கி நீட்டக் கற்றுக்கொடுத்தாள். பாடசாலையில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டிருந்த கைரியா, வேலை விட்டு வந்ததும் விறாந்தையில் பாய் விரித்து அதைச் செய்தாள். பிள்ளை அழும். தாயும் அழுவாள். ஆனால் ஒரு நாளும் விடவில்லை. ஐந்து வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ரிஸ்னா சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு விறாந்தையிலிருந்து குசினி வரை நடந்து வந்து, "உம்மா, பசிக்குது" என்றாள். கைரியாவின் கையிலிருந்த பாத்திரம் விழுந்து நெளிந்தது. அந்த நெளிந்த பாத்திரம் இன்றைக்கும் அந்த வீட்டில் இருக்கிறது.

அந்தச் செய்தி பரவியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தது. பிறகு மாத்தளை வீதிப் பக்கத்திலிருந்து இரண்டு. பிறகு, வத்தேகம தாண்டி பன்வில தோட்டத்திலிருந்து, யாரோ சொல்லக் கேட்டு, ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். விறாந்தை நிறைந்து வழிந்தபோது கைரியா வேலையை விட்டாள். ஹாட்வெயார் கடை ஜவாஹிர் ஹாஜியார் கடைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தார். மழைக்கு ஆற்று வெள்ளம் டவுனுக்குள் ஏறும்போது முதலில் மேலே ஏறுவது ஹாஜியாரின் சீமெந்து மூட்டை அல்ல, பிள்ளைகளின் பாய்கள்தான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டிலிருந்து பகல் சோறு வந்தது. எந்த வீடு என்று வெளியே யாரும் சொல்லமாட்டார்கள். தூக்குச்சட்டி வாசலில் இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அறையைக் கொடுத்த அன்றே ஹாஜியார் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "இது சதகா. என்ட பேர் வெளிய வரப்படா. வந்தா அண்டைக்கே கதவப் பூட்டுவேன்." சோறு அனுப்பும் வீடுகளும் அப்படித்தான். இறைவனுக்காகக் கொடுப்பதை மனிதருக்குச் சொல்வது அந்த ஊரில் கூச்சமான காரியம். கைரியாவும் அதே ஊரில் பிறந்தவள். வாக்குக் கொடுத்தாள். வாக்கைக் காப்பாற்றினாள். மூன்று முறை 'இல்லை' என்று எழுதினாள்.

இந்த நாலாவது முறை மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. காரணம் சர்மிளா.

பன்விலவிலிருந்து முதன்முதலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாளே, அந்தத் தாய்தான் சர்மிளா. அவளோடு சேர்த்து இன்று அந்தத் தோட்டத்திலிருந்து எட்டுத் தாய்மார் வருகிறார்கள். அவள் மகன் நிரோஜனுக்கு இப்போது பத்து வயது. நடை பழகுவதற்கென்று அறையில் போட்டிருக்கும் பிடிகம்பிகளுக்கு நடுவே நின்று நாற்பது வரை எண்ணுகிறான். எண்ணி முடித்ததும் கிரிக்கெட்டில் சதம் அடித்தவனைப் போலக் கூட்டத்துக்குக் கை காட்டுவான்.

போன வாரம் மழையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் படியில் சர்மிளா வழுக்கி விழுந்தாள். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. நிரோஜனுக்கு நெற்றியில் நாலு தையல். மறுநாள் தனியாக வந்து, கைரியாவின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இந்த வருஷம் முடியிற வரைக்கும் எப்படியாச்சும் தூக்கிட்டு வந்துர்றேன் மிஸ். அதுக்கு மேல என்னால ஏலாது. மூணு பஸ்ஸு, அந்தப் படி. இவன் வளர்றான் மிஸ்." அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "எந்தத் தாயாவது வேண்டுவாளா மிஸ்? சாமி, எம்புள்ள வளரக்கூடாதுன்னு நான் வேண்டுறேன். சோத்தக்கூட அளந்துதான் போடுறேன். பாவி மிஸ் நானு. பாவி."

கைரியா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பயிற்சி நின்றால் ஆறு மாதத்தில் நிரோஜனின் கால்கள் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். சர்மிளாவுக்கும் தெரியும்.

அதனால்தான் அன்று காலை கைரியா 'இல்லை' என்று எழுதாமல், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நேரே ஹாஜியாரின் கடைக்குப் போனாள்.

எழுபது வயது ஹாஜியார் தராசுக்கு முன்னால் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஹாஜியார், ஒரேயொரு வரி. ரூம் ரெண்டும் வாடக இல்லாம நீங்கதான் தந்தீக்கிறன்டு..."

"ஸ்ஸ்! மெல்லப் பேசு புள்ள, கடையில ஆக்கள் ஈக்கி!" களவு கண்டுபிடிக்கப்பட்டவரைப் போல அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அந்தக் கடதாசியில எழுதினா வேன் கெடைக்கும் ஹாஜியார். பன்விலப் புள்ளைகள் நின்டு போகப் போறாங்க."

"நான் குடுத்தது ஒனக்கில்ல. அந்தக் கொழும்பு ஆக்களுக்கும் இல்ல. குடுக்க வேண்டியவனுக்குக் குடுத்தேன். அத நீ எழுதி ஊருக்குக் காட்டினா, நாளைக்கு அவன்ட முன்னால போய் எதக் காட்ட? வேனுக்கு துஆ செய்றேன். பேருக்கு மட்டும் வராதே."

அவள் கண் கலங்கியது. ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. ஆணியை ஒரு கடதாசிப் பையில் கொட்டி அவள் கையில் வைத்தார். "இந்தா, பின்கதவு ஆடுது. அறைஞ்சு விடு." அவள் படியிறங்கும்போது பின்னாலிருந்து கத்தினார். "அதையும் எழுதிப் போடாதே!"

நாலாவது 'இல்லை' அன்று பகல் கொழும்புக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து தொலைபேசி வந்தது. கடிதமாக வராமல் தொலைபேசியாக வந்ததே ஓர் அதிசயம். அறக்கட்டளையின் திட்ட அதிகாரி பாலாம்பிகை பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர். "நாலு வருஷமாய் ஒரே விண்ணப்பம் அனுப்புறியள். நான் ஒருக்கா நேரில வந்து பாக்கவேணும். செவ்வாய்க்கிழமை வாறன்."

செவ்வாய்க்கிழமை வந்தார். நரைத்த தலை, பருத்திச் சேலை, கையில் ஒரு கனத்த கோப்பு. பிடிகம்பிகளைத் தட்டிப் பார்த்தார். பாய்களைத் தொட்டுப் பார்த்தார். நிரோஜன் நாற்பது எண்ணிக் கை காட்டியபோது சிரித்தார். பிறகு மேசையில் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்புப் போய்விட்டது.

"இந்த அறையளுக்கு வாடகை எவ்வளவு?"

"வாடக இல்லை மேடம்."

"சங்கத்துக்குச் சொந்தமோ?"

"இல்லை."

"அப்ப ஆர் தந்தது?"

கைரியா தலையைக் குனிந்தாள்.

"பிடிகம்பி ஆர் செய்து தந்தது? பத்தொன்பது பிள்ளையளுக்கும் சாப்பாடு எங்கையிருந்து வருகுது?"

மூலையில் ரிஸ்னா நகத்தைக் கடித்தாள்.

பாலாம்பிகை கோப்பை மூடினார். அந்தச் சத்தம் கைரியாவின் காதில் கதவு பூட்டுகிற சத்தம்போல விழுந்தது. "குறை நினைக்காதேங்கோ. ஒளிக்கிற சங்கங்களை நான் கனக்கப் பாத்திட்டன். எங்கையிருந்து வருகுதெண்டு சொல்லாத உதவியிலதான் எனக்குப் பயம்."

கைரியாவின் முகம் தீப்பட்டதுபோலச் சிவந்தது. பதினொரு வருடத்தில் அவளைப் பார்த்து அப்படி ஒரு சொல்லை யாரும் சொன்னதில்லை. கண்ணீர் பொலபொலவென்று மேசையில் விழுந்தது. அதைத் துடைக்காமலே பேசினாள்.

"வாக்குக் குடுத்தீக்கிறேன் மேடம். பேர் செல்லேலா. வாக்க முறிச்சு வாங்கின வேன்ல இந்தப் புள்ளைகள ஏத்த எனக்கேலா. வேன் இல்லாட்டி இல்ல."

பாலாம்பிகை கோப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நம்பினாரா, நம்பவில்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பகல் இரண்டு மணி. தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றத் தொடங்கினார்கள். தாயின் தோளில் தாடையை வைத்தபடி நிரோஜன் திரும்பிப் பார்த்தான். வந்த விருந்தாளியை வீட்டுக்குக் கூப்பிடாமல் போனால் தோட்டத்தில் மரியாதையில்லை. அவன் வார்த்தைகளைச் சேர்த்து மெதுவாகச் சொன்னான்.

"மேடம், எங்க வீட்டுக்கு... வாங்க. டீ குடிச்சிட்டு... போகலாம்."

சர்மிளா வெட்கத்தில், "சும்மா இருடா, மேடம் காரில வந்திருக்காங்க" என்று அவன் தொடையில் தட்டினாள்.

பாலாம்பிகை எழுந்தார். "ஏன், பஸ்ஸில வரக்கூடாதோ? கைரியா, நீங்களும் வாங்கோ. கார் பின்னால வரட்டும்."

அக்குறணையிலிருந்து கட்டுகஸ்தோட்டை. அங்கே இறங்கி வத்தேகமவுக்கு வேறு பஸ். அங்கிருந்து பன்விலவுக்கு இன்னொன்று. மூன்றிலும் பாலாம்பிகை நின்றுகொண்டுதான் வந்தார். ஒவ்வொரு தரிப்பிலும் கொண்டக்டர், "இக்மனட்ட, இக்மனட்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்த, எட்டுத் தாய்மாரும் சங்கிலிபோல நின்று பிள்ளைகளைக் கைமாற்றி ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு வந்தார். முதலில் ஏறியவள் இரண்டு பிள்ளைகளை வாங்கி மடியில் வைப்பாள். கடைசியில் ஏறுபவள் பைகளைக் கொண்டுவருவாள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. கைகளுக்கே எல்லாம் தெரியும்.

பன்வில தாண்டி இறங்கினால் லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள். தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறும் கல்படிகள். கொழுந்து லொறி போகிற பாதை மலையைச் சுற்றிக்கொண்டு லயத்தின் பின்புறம் வரை வரும். ஆனால் அதில் பஸ் போகாது.

இருபதாவது படியில் பாலாம்பிகை நின்றார். "பிள்ளையைத் தாங்கோ. நான் கொஞ்சத் தூரம் தூக்கிறன்."

"ஐயோ வேணாங்க மேடம். கனம். வழுக்குமுங்க."

"தாங்கோ எண்டுறன்."

நிரோஜனை வாங்கி இடுப்பில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று... கைரியா பின்னால் இரண்டு கைகளையும் ஏந்தியபடி ஏறினாள். அங்கிருந்து பதினேழாவது படிக்கு மேல் பாலாம்பிகையால் ஏற முடியவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது.

நிரோஜன் அவர் கன்னத்தைத் தொட்டு ஆறுதல் சொன்னான். "பரவால்லங்க மேடம். மொத நாள்... எல்லாருக்கும் அப்படித்தான்."

பாலாம்பிகைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கைரியாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை ஏன் எழுதேல்லை?"

"எத மேடம்?"

"இதைத்தான்! உள்ளூர்ப் பங்களிப்பு இல்லை, இல்லை எண்டு நாலு தரம் எழுதியிருக்கிறியள். இது என்ன?"

சர்மிளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்க என்னத்தங்க மேடம் குடுத்தோம்? எங்ககிட்ட என்ன இருக்கு? இந்த இடுப்புதான் இருக்கு." அவள் இடுப்பில் தட்டிக் காட்டிச் சிரித்தாள். "வேணும்னா அத எழுதிக்குங்க."

மேலே போய்க்கொண்டிருந்த தாய்மார் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். பாலாம்பிகை சிரிக்கவில்லை.

"ஓம். அதைத்தான் எழுதவேணும். எட்டுத் தாய்மார், கிழமையில எத்தினை நாள், எத்தினை பஸ், எத்தினை படி. காசு மட்டும்தான் பங்களிப்பெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

லயத்து அறையில் வெறுந்தேநீரும் கடித்துக்கொள்ளக் கொஞ்சம் சீனியும் வந்தன. சர்மிளா வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். தேநீரை ஊதிக்கொண்டே பாலாம்பிகை பேசினார்.

"அறை தந்தவரின்ரை பேர் எனக்கு வேண்டாம். வாடகை இல்லாமல் இருக்கிறியள், அதில ஒரு களவும் இல்லை எண்டு பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு கடிதம் தந்தால் காணும். சோறும் அப்படித்தான். வீட்டுப் பேர் வேண்டாம், 'ஊர் வீடுகள்' எண்டு எழுதுங்கோ. சரி, உங்கட சம்பளம் எவ்வளவு?"

"என்டயா?" கைரியா திகைத்தாள். "எனக்கென்ன மேடம் சம்பளம்? என்ட மகளுக்குச் செஞ்சத்தானே மத்தவங்களுக்கும் செய்றேன்."

"பதினொரு வருஷமாய்?"

"ம்."

"அப்ப உங்களையும்தானே 'இல்லை' எண்டு எழுதியிருக்கிறியள்!"

கைரியா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கைரியா பள்ளிவாசலில் போய்க் கேட்க, பின்னேரமே கடிதம் வந்துவிட்டது. 'ஊரில் ஒருவர், இறைவனுக்காக' என்று எழுதி, பள்ளிவாசல் முத்திரை குத்தியிருந்தது. கடிதம் என்னவோ பள்ளிவாசலுடையதுதான். ஆனால் அது வந்த உறையில் ஹாட்வெயார் கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது! கைரியா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கடிதத்தை ஒரு வெள்ளை உறைக்கு மாற்றி, பழைய உறையைத் துண்டு துண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். வாக்கு வாக்குத்தானே.

ரிஸ்னா ஏழாம் பகுதியைப் புதிதாக அடித்தாள். தாய்மார், பஸ், படி, சோறு, அறை, பிடிகம்பி. இடம் போதாமல் இரண்டாம் பக்கத்துக்கும் போனது.

"உம்மா, இப்ப ஒங்கட வரி."

"வேணா ரிஸ்னா. வெக்கமா ஈக்கி."

"பொய்யா எழுதச் செல்றீங்க? நாலு தரம் எழுதினது போதும்." தாய் தடுப்பதற்குள் அடித்துவிட்டாள். 'செயலாளர் கைரியா. பதினொரு வருடம், வாரம் ஆறு நாள், ஊதியமின்றி.'

திரையில் தன் பெயரைக் கைரியா படித்தாள். மறுபடி படித்தாள். கண் மறைத்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒரு ஆள விட்டுட்டாய்."

"யாரு?"

"எழுது. ரிஸ்னா. ஏழு வருடம். பிள்ளைகளின் பெயர் இடாப்பும் கடிதங்களும். ஊதியமின்றி."

எப்போதும் மடமடவென்று அடிக்கும் ரிஸ்னாவின் விரல்கள் ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக அந்த வரியை அடித்தன.

எட்டு மாதம் கழித்து, மழைக்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை, கொழுந்து லொறிப் பாதையில் ஒரு வெள்ளை வேன் குலுங்கிக் குலுங்கி ஏறி லயத்தின் பின்னால் வந்து நின்றது. முன் இருக்கையில் கைரியா. பின் இருக்கைகளுக்கெல்லாம் புத்தம்புது உறைகள். முதல் நாள் பின்னேரம் யாரோ பொட்டலமாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனவை. யார் என்று அவள் கேட்கவில்லை.

சரிவுப் பலகை இறங்கியது. அதுவரை லயத்து வாசலைத் தாண்டாத நிரோஜனின் சக்கர நாற்காலியை சர்மிளா தள்ளினாள். அது தண்ணீர் ஓடுவதுபோல ஏறிப் போனது. அவள் பின்னாலேயே ஏறி நின்றாள். கை சும்மா இருந்தது. இடுப்பு சும்மா இருந்தது. ஆனாலும் பத்து வருடப் பழக்கத்தில் உடம்பை ஒரு பக்கம் சாய்த்தபடியே நின்றாள்.

"அம்மா," என்றான் நிரோஜன், "நேரா... நில்லு."

சர்மிளா நேராக நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கைரியா திரும்பி அவள் கையைப் பிடித்தாள்.

"மிஸ்," என்றாள் சர்மிளா, விம்மலுக்கு நடுவே. "இனிமே இவன் வளரட்டும் மிஸ். எவ்வளவு வேணும்னாலும் வளரட்டும்."

"அப்ப," என்றான் நிரோஜன், இதற்காகவே காத்திருந்தவனைப் போல, "இன்னைக்கு எனக்கு... ரெண்டு முட்ட."

கைரியா அப்போதே கைத்தொலைபேசியை எடுத்தாள். அன்றைக்குச் சோறு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.